ஆறாம் இலக்கத்துக்கு மஞ்சள்

விசில் ஊதாமலே ஆட்டம் நின்றது.
பாண்டியன்குளத்து மைதானம்,
இரண்டாம் பாதி, பதினெட்டாவது நிமிடம்.
மேற்குக் கோட்டில் கொடியோடு நின்றவன் நான்.
குலவீரசிங்கம் சேர்
நடுவட்டத்துக்குக் கிட்ட
ஒரு முழங்காலை ஊன்றினார்
சப்பாத்து நூல் கட்டுகிறவர் போல.
பிறகு மற்றதையும்.

பந்து வைத்திருந்த பொடியன்
தான்தான் ஏதோ பிழை விட்டதாக நினைத்து
இரண்டு கையையும் விரித்து என்னைப் பார்த்தான்.
நான் கொடியைத் தூக்கினேன்.
எதற்கென்று இன்றைக்கும் தெரியாது.

கிட்ட நின்ற ஒரே வாகனம்
ஐஸ்கிரீம் வான்.
பெட்டிகளைப் புழுதியில் இறக்கிவிட்டு
அவரை வளர்த்தினோம்.
மல்லாவிச் சந்தி தாண்டும்வரை
வான்காரருக்குப் பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை,
எனக்கும்தான்.
வழி நெடுகச் சின்னனுகள்
சில்லறையைப் பொத்திக்கொண்டு
படலைக்கு ஓடி வந்ததுகள்.

"எத்தனை மணிக்கு விழுந்தவர்?"
டொக்டர் பிள்ளை பேனையோடு கேட்டா.
"இரண்டாம் பாதி, பதினெட்டு" என்றேன்.
என்னிடம் வேறு நேரம் இருக்கவில்லை.

*

இரண்டாயிரத்துப் பதினொன்று.
ஒலுமடுவுக்கு அங்கால் ஒரு மைதானம்.
கோட்டுக்கு நாலடி வெளியே மஞ்சள் நாடா,
மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை.
நாணயம் சுண்ட முதல்
இரண்டு அணியையும் கூப்பிட்டு
எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி ஒன்று சொன்னார்:
நாடாவுக்கு அங்கால் போனது செத்த பந்து.
ஒருத்தரும் எடுக்கப் போகேலாது.

அன்றைக்கு மூன்று பந்துகள் செத்தன.
மூன்றாவது எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒரே பந்து,
ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கியது.
நாடாவைத் தூக்கி ஒரு கால் வைத்தேன்.
சிவப்பு.
மூன்று ஆட்டம் தடை.
நாலாவதிலும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
"ஒன்பது, பின்னுக்குப் போ."
அவருக்கு எல்லாரும் இலக்கம்தான்.

*

பிழையே விடாத மனிசன் என்று
செத்தவீட்டில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.
பொய்.
துணுக்காய் இறுதியாட்டத்தில்
கோட்டைத் தாண்டாத பந்துக்குக் கோல் கொடுத்தவர்.
தாண்டவில்லை என்று எனக்குத் தெரியும்.
கொடி என் கையில்தான் இருந்தது.
அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும்
கடைசிவரை கதைக்கவில்லை.

பந்தலுக்குப் பின்னால்
ஆட்டத் தாளைக் கேட்டு நின்றார் வலய அதிகாரி.
சேரின் சட்டைப்பையில் எடுத்த கொப்பியைக் கொடுத்தேன்.
வியர்வையில் ஊறிய கடைசி வரி:
15. ஆறு. மஞ்சள். வாய்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் எழுதவில்லை.

"ஆட்டமே இல்லாமல் போச்சு,
இதையும் அழிச்சு விடுவம்" என்றார் அதிபர்,
நல்ல மனதோடுதான்.
முந்தின ஆட்டத்தில் ஒரு மஞ்சள் ஏற்கெனவே இருந்தது;
இரண்டானால் ஆறாம் இலக்கம் ஒரு ஆட்டம் வெளியில்.

வாழைக்குலை கட்டிய தூணோடு
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் நின்றான் டிலோஜன்.
மூன்று நிமிடம்.
சொன்னதற்கும் விழுந்ததற்கும் இடையில்
மூன்றே நிமிடம்.
அவன் அதைத்தான் எண்ணிக்கொண்டு நின்றிருக்க வேணும்.

"அழிக்காதேங்கோ சேர்.
நான் அவருக்குச் சொன்னது தூஷணம்தான்."

அதிபர் நிலத்தைப் பார்த்தார்.
அதிகாரி எழுதிக்கொண்டார்.
பறை மேளம் திரும்பத் தொடங்கியது.
'உன்னால் இல்லையடா' என்று சொல்ல
வாய் எடுத்தேன்.
அவன் கேட்டது அது இல்லை.

*

செவ்வாய்க்கிழமை மறு ஆட்டம்.
சைபருக்குச் சைபர்.
ஆறாம் இலக்கம் வாங்கில் இருக்கிறான்,
தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவலாக.
தெருக்கரையில் வான்
பாட்டுப் போடாமல் நிற்கிறது.
அதன் தட்டில் கிடந்த விசிலை
வான்காரர்தான் கொண்டுவந்து தந்தார்
பிசுபிசுப்போடு.
இரண்டு தரம் கழுவினேன்.
இன்னும் கொஞ்சம் இனிக்கிறது.

நடுவட்டத்தில் பந்து.
காற்று மேற்கிலிருந்து.
இருபத்திரண்டு பொடியன்களும்
என் வாயைப் பார்க்கிறார்கள்.